பதகளிப்பும் அன்றாட நடத்தையும்: கரன் ஹோர்னையின் சிந்தனைகள் பற்றிய ஒரு நோக்கு

மனித உள்ளத்தின் துயரங்களுள் பதகளிப்பைப் போன்று பரவலானதும், அதே வேளையில் இனங்காணப்படாது மறைந்து கிடப்பதுமான பிறிதொன்று இல்லை எனலாம். பதகளித்தல் என்னும் சொல் எமது பேச்சுவழக்கில் நெடுங்காலமாகவே உண்டு. எனினும், அச்சொல் ஒருவரின் மனவுறுதிக் குறைவைச் சுட்டும் குறைகூறலாகவே பெரும்பாலும் வழங்கி வந்துள்ளது. பதகளிப்பவன் கோழை, பதகளியாதவன் தீரன் என்பதே பொதுவான எண்ணம். உளவியல் இச்சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்றுக்கொண்ட பின்னரும் இவ்வெண்ணம் முற்றாக மறைந்துவிடவில்லை.

பதகளிப்பு நோயாளர் சிலரிடம் மாத்திரம் காணப்படும் ஒன்றன்று. நாம் நற்பண்புகளெனப் பாராட்டும் அன்றாட நடத்தைகள் பலவற்றின் அடியிலும் அது தொழிற்படுகின்றது என்பதையும், அதன் வேர்கள் தனிமனிதனின் உள்ளத்தில் மாத்திரமன்றி அவன் வாழும் சமூகத்தின் அமைப்பிலும் ஊன்றியுள்ளன என்பதையும் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் கரன் ஹோர்னை (1885–1952). அவரது கருத்துக்களின் சாரத்தை எடுத்துரைத்து, அவற்றின் பெறுமதியையும் எல்லைகளையும் மதிப்பிட முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேர்லினிலிருந்து நியூயோர்க் வரை

ஹோர்னை ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரை அடுத்த பிளாங்கனேசே என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் நோர்வேயைச் சேர்ந்த கப்பற்றலைவர். பெண்கள் பல்கலைக்கழகத்திற் பயில்வது ஜேர்மனியில் இன்னும் புதுமையாகவே இருந்த காலத்தில், 1906ஆம் ஆண்டில் அவர் பிறைபூர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1915இல் பேர்லினிற் பட்டம் பெற்றார். புரொயிட்டின் நெருங்கிய சகாக்களுள் ஒருவரான கார்ல் ஆபிரகாமிடம் உளப்பகுப்பாய்வுக்கு உட்பட்டு, அத்துறையிற் பயிற்சியும் பெற்றார். 1920இல் பேர்லினில் ஓர் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. வசதியற்றோருக்குக் கட்டணமின்றியும், ஏனையோருக்கு அவரவர் வசதிக்கேற்ற கட்டணத்திலும் அங்கு சிகிச்சை அளிக்கப்பட்டது. அந்நிலையத்தோடு இணைந்த பயிற்சி நிறுவனத்தின் தொடக்ககால ஆசிரியர்களுள் ஹோர்னையும் ஒருவர்.

1932இல் அவர் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குச் சென்றார். ஈராண்டுகளின் பின் நியூயோர்க்கிற் குடியேறினார். இவ்விடமாற்றத்தின் காலம் இங்கு மனங்கொள்ளத்தக்கது. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1933இல் அந்நாட்டின் உழைப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வேலையற்றிருந்தனர். பேர்லினிற் கண்ட நோயாளரின் உளச்சிக்கல்களுக்கும் நியூயோர்க்கிற் கண்டோரின் சிக்கல்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடுகள் இருப்பதை ஹோர்னை அவதானித்தார். மனித இயல்பு எங்கும் ஒன்றே. அதனை ஆள்வன மாறாத உயிரியல் உந்துதல்களே எனின், இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது? இவ்வினாவே அவரது பிற்காலச் சிந்தனையின் தொடக்கப்புள்ளியாயிற்று. எரிக் புரொம், ஹரி ஸ்டாக் சலிவன் ஆகிய உளப்பகுப்பாய்வாளரோடும், மார்கிரட் மீட், ரூத் பெனடிக்ற் ஆகிய மானிடவியலாளரோடும் அவருக்கு ஏற்பட்ட தொடர்பு இவ்வினாவை மேலும் கூர்மைப்படுத்தியது. 1937இல் வெளிவந்த 'நமது காலத்தின் உளநரம்பு நோயாளுமை' என்னும் நூல் இதன் விளைவாகும்.

புரொயிட்டின் கொள்கையும் ஹோர்னையின் விலகலும்

பதகளிப்புப் பற்றிய புரொயிட்டின் கருத்து இரு கட்டங்களைக் கொண்டது. 1895இல் அவர் எழுதிய கட்டுரையில், வடிகால் பெறாத பாலுணர்ச்சியே பதகளிப்பாக உருமாறுகின்றது என்றார். 1926இல் இக்கருத்தை அவரே திருத்தினார். உள்ளத்தில் எழும் ஆபத்தொன்றை அகம் முன்கூட்டியே உணர்ந்து விடுக்கும் அபாய அறிவிப்பே பதகளிப்பு என்பது அவரது இரண்டாவது கொள்கை. எனினும், அவ்வாபத்து இயல்பூக்க உந்துதல்களிலிருந்தே பெரும்பாலும் எழுகின்றது என்னும் நிலைப்பாட்டிலிருந்து அவர் பெரிதும் விலகவில்லை.

ஹோர்னை இரண்டாவது கொள்கையிலிருந்து புறப்படுகின்றார்; ஆனால் வேறு திசையிற் செல்கின்றார். பதகளிப்புக்குக் காரணமாகும் உள்ளாபத்து பாலுந்துதல் அன்று. பெரும்பாலும் அது ஒடுக்கப்பட்ட பகைமையுணர்வே என்பது அவர் வாதம். தன்னைச் சார்ந்தோரிடம் மெய்யான அன்பைப் பெறாத பிள்ளை, அவர்கள்மீது சினங்கொள்கின்றது. ஆனால் அச்சினத்தை வெளிக்காட்ட அதனால் இயலாது. உணவுக்கும் உறையுளுக்கும் பாதுகாப்புக்கும் அது அவர்களையே நம்பியுள்ளது. சினத்தைக் காட்டின் எஞ்சியுள்ள அன்பும் இல்லாது போகும் என அஞ்சுகின்றது. பெற்றோரைச் சினப்பது பாவம் எனவும் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆகவே சினம் உள்ளே ஒடுக்கப்படுகின்றது. ஒடுக்கப்பட்டது அழிவதில்லை. பிள்ளை தன் பகைமையைப் புறத்தே உள்ளோர்மீது ஏற்றி, உலகமே தனக்குப் பகையானது என உணரத் தொடங்குகின்றது. பகைமை நிறைந்த உலகில் தான் தனித்தும் வலுவற்றும் இருப்பதாகத் தோன்றும் இவ்வுணர்வையே ஹோர்னை 'அடிப்படைப் பதகளிப்பு' என்றார்.

அச்சத்தையும் பதகளிப்பையும் அவர் வேறுபடுத்தும் முறையும் கருதத்தக்கது. வெள்ளம் வீட்டு வாயிலை எட்டும்போது நடுங்குவது அச்சம். வானம் சற்றே இருண்டதும் உறக்கமிழந்து தவிப்பது பதகளிப்பு. முன்னையதில் ஆபத்து வெளிப்படையானது. உணர்ச்சி அதற்கு ஏற்ற அளவினது. பின்னையதில் ஆபத்து மறைவானது, உள்ளத்தோடு தொடர்புடையது. எனவே 'அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை' என்னும் ஆறுதல் மொழியாற் பதகளிப்புத் தணிவதில்லை. ஏனெனில், அவர் அஞ்சும் பொருள் நாம் சுட்டிக்காட்டும் பொருளன்று.

பதகளிப்பிலிருந்து தப்பும் வழிகள்

ஹோர்னையின் எழுத்துக்களில் அன்றாட வாழ்வுக்கு மிக அண்மையிலுள்ள பகுதி, மனிதர் பதகளிப்பிலிருந்து தப்ப முயலும் வழிகள் பற்றியதாகும். அவர் நான்கு வழிகளைக் குறிப்பிடுகின்றார்.

முதலாவது நியாயப்படுத்தல். பதகளிப்புக்கு அறிவுக்குப் பொருத்தமான ஆடையொன்றை அணிவித்தல் இதுவாகும். கீழுள்ளவர் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் மும்முறை சரிபார்த்தாலன்றிக் கையொப்பமிடாத அலுவலகத் தலைவர் அதனைப் பொறுப்புணர்ச்சி என்பார். வளர்ந்த மகனை நண்பரோடு வெளியே செல்லவிடாத தந்தை, காலம் கெட்டுவிட்டது என்பார். இவர்களோடு வாதிடுவதாற் பயனில்லை. ஒரு காரணம் மறுக்கப்பட்டால் இன்னொரு காரணம் எழும். வாதத்தில் அவர்கள் காட்டும் வேகமே, காக்கப்படுவது கருத்தன்று, உள்ளத்தின் அமைதியே என்பதைப் புலப்படுத்தும். 'நான் அஞ்சுகின்றேன்' என்பதிலும் 'நான் கடமையைச் செய்கின்றேன்' என்பது தாங்குவதற்கு எளிது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, தன்னை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை இழப்பதாகும்.

இரண்டாவது மறுத்தல். இங்கு பதகளிப்பு நனவிலிருந்தே விலக்கப்படுகின்றது. உடல் மாத்திரம் அதனை அறியும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும். அவர் இதய வைத்தியரை நாடுவார். இதயத்தில் யாதொரு குறையுமில்லை என்பதைக் கேட்டு மனநிறைவு கொள்ளமாட்டார். நனவுபூர்வமாக மறுத்தலும் உண்டு. மேடையேற அஞ்சுபவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையேறிப் பழகுகின்றார். இது பயனற்றதன்று, அவரது தன்மதிப்பு உயர இடமுண்டு. ஆயினும் ஓர் அறிகுறி நீங்கியமை பதகளிப்பின் அடிப்படை நீங்கியமையாகாது என்பதை ஹோர்னை வற்புறுத்துகின்றார்.

மூன்றாவது மரத்துப்போகச் செய்தல். மதுவும் போதையும் இதன் வெளிப்படையான வடிவங்கள். ஆனால் வேலையும் போதையாகலாம் என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது. விடுமுறை நாளில் அமைதியிழந்து, செய்வதற்கு ஏதேனும் ஒன்றைத் தேடி அலைபவரை நாம் அறிவோம். ஓய்வு நாட்களில் மாத்திரம் தோன்றும் இத்தகைய உளக்கோளாறு பற்றி ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாந்தோர் பெரென்சி 1919ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். இடைவிடாத கூட்டங்களும், தனித்திருக்க இயலாமையும், மிகையான உறக்கமும் இவ்வகையினவே. கையடக்கத் தொலைபேசியை ஓயாது புரட்டிக்கொண்டிருக்கும் இன்றைய பழக்கத்தையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். செயல் எது என்பதன்று, அதனை நிறுத்த நேரும்போது உள்ளத்தில் எழுவது எது என்பதே இங்கு அளவுகோல்.

நான்காவது தவிர்த்தல். இதுவே நான்கிலும் முழுமையானது. எழுத வேண்டிய கடிதத்தைத் தள்ளிப்போடுதல், வைத்தியரிடம் செல்வதை ஒத்திவைத்தல், எடுக்க வேண்டிய முடிவை 'அது அவ்வளவு முக்கியமன்று' என ஒதுக்குதல் ஆகியன இதன் எளிய வடிவங்கள். தவிர்த்தல் ஆழமாக வேரூன்றியபின், தவிர்க்கின்றோம் என்னும் உணர்வும் மறைகின்றது. விருப்பமே இல்லாது போகின்றது. கருத்தரங்கிற் பேச அஞ்சும் ஒருவர், காலப்போக்கில் கருத்தரங்குகள் பயனற்றவை என மெய்யாகவே நம்பத் தலைப்படுகின்றார். கூச்சம், அக்கறையின்மை, தாழ்மை என நாம் பெயரிட்டழைப்பவற்றுள் எத்தனை இவ்வாறு தோன்றியவை என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று.

மூன்று திசைகள்

தப்பும் வழிகளோடு அமையாது, பதகளிப்புக்கு எதிராகத் தம்மைக் காத்துக்கொள்ளும் நிலையான முறைகளையும் மனிதர் உருவாக்கிக்கொள்கின்றனர். 1945இல் வெளிவந்த 'நமது உள்முரண்பாடுகள்' என்னும் நூலில் ஹோர்னை இவற்றை மூன்று திசைகளாக வகுத்தார். ஒன்று மனிதரை நோக்கிச் செல்லல்: என்னை நேசிப்போர் எனக்குத் தீங்கு செய்யார். மற்றையது மனிதருக்கு எதிராகச் செல்லல்: நான் வலியவனாயின் எவரும் எனக்குத் தீங்கு செய்ய இயலாது. மூன்றாவது மனிதரிடமிருந்து விலகிச் செல்லல்: நான் ஒதுங்கியிருப்பின் எதுவும் என்னைத் தீண்டாது.

இம்மூன்றும் இயல்பாகவே எவரிடத்தும் உள்ளவை. அன்பை நாடுவதும், எதிர்த்து நிற்பதும், தனிமையை விரும்புவதும் நோயல்ல. சந்தர்ப்பத்துக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நெகிழ்ச்சி உள்ளவரை அவை வாழ்வின் கருவிகள். அந்நெகிழ்ச்சி அற்று, ஒன்று மாத்திரமே கட்டாயமாகும்போது கருவி தளையாகின்றது. எவருக்கும் 'இல்லை' என்று சொல்ல இயலாதவரின் பணிவும், எவ்விவாதத்திலும் வென்றே தீரவேண்டியவரின் துணிவும், எவரிடமும் எதனையும் கேட்க மறுப்பவரின் தன்னிறைவும் இத்தகையன. சமூகம் முதலாமவரை நல்லவர் எனவும், இரண்டாமவரை ஆற்றலுடையவர் எனவும், மூன்றாமவரைத் துறவுள்ளம் படைத்தவர் எனவும் போற்றுகின்றது. இப்போற்றுதலே அவர்தம் துயரம் வெளித்தெரியாது மறைவதற்குக் காரணமாகின்றது.

இத்தற்காப்பு முறைகள் தாம் தணிக்க முயலும் பதகளிப்பைத் தாமே வளர்க்கின்றன என்பதும் கருதத்தக்கது. அன்பைக் கட்டாயமாக வேண்டி நிற்பவர் எவ்வளவு பெற்றும் நிறைவடையார்; நிபந்தனையற்ற அன்பைக் கோருவார். அக்கோரிக்கையை எவராலும் நிறைவேற்ற இயலாது. சிறு தாமதமும் அவருக்குப் புறக்கணிப்பாகத் தோன்றும். புறக்கணிப்புச் சினத்தைத் தரும். அன்பை இழக்கும் அச்சத்தால் அச்சினம் ஒடுக்கப்படும். ஒடுக்கப்பட்ட சினம் மீண்டும் பதகளிப்பாகும். பதகளிப்பு மேலும் அன்பைக் கோரும். இத்தீய வட்டத்தை விளக்கியமை ஹோர்னையின் முக்கிய பங்களிப்புக்களுள் ஒன்றாகும்.

1950இல் வெளிவந்த தமது இறுதி நூலில் அவர் இதனை மேலும் விரித்தார். பதகளிப்புக்கு ஆளானவர் தம் உண்மைத் தன்மையைக் கைவிட்டு, இலட்சியப்படுத்தப்பட்ட தன்னுருவம் ஒன்றைப் படைக்கின்றார். அவ்வுருவம் ஓயாது கட்டளையிடுகின்றது: எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும், எவரையும் புண்படுத்தலாகாது, களைப்படையக் கூடாது. இதனையே ஹோர்னை 'வேண்டும்' என்பதன் கொடுங்கோன்மை என்றார். பிற்காலத்தில் அறிவுசார் சிகிச்சை முறைகளை வளர்த்தோருள் ஒருவரான அல்பேர்ட் எலிஸ், இக்கருத்துக்குத் தாம் கடமைப்பட்டுள்ளமையை ஏற்றுக்கொண்டார்.

சமூகத்தின் முரண்பாடுகள்

பதகளிப்பு குடும்பத்தில் தோன்றுகின்றது எனில், அதனை ஏன் ஒரு காலத்தின் இயல்பாகக் கொள்ள வேண்டும்? பெற்றோர் தனித்து வாழ்பவரல்லர். அவர்களது பாதுகாப்பின்மையும் ஆற்றாமையும் அவர்கள் வாழும் சமூகத்திலிருந்து பெற்றவை என்பதே ஹோர்னையின் விடை. அமெரிக்க சமூகத்தை நோக்கி அவர் மூன்று முரண்பாடுகளைச் சுட்டினார். முதலாவது, வெற்றியையும் போட்டியையும் ஒருபுறம் போற்றி, சகோதர அன்பையும் பணிவையும் மறுபுறம் போதித்தல். இரண்டாவது, தேவைகளை விளம்பரங்களின் மூலம் ஓயாது தூண்டி, அவற்றை நிறைவேற்றும் வழிகளைப் பெரும்பாலோருக்கு அடைத்தல். மூன்றாவது, மனிதன் சுதந்திரமானவன், முயன்றால் எதனையும் அடைவான் எனக் கூறி, நடைமுறையில் அவனை எண்ணற்ற கட்டுப்பாடுகளுக்குள் வைத்திருத்தல்.

இவற்றுள் போட்டி பற்றிய அவரது விளக்கம் ஆழமானது. பொருளாதாரத்தில் ஒருவரது பேறு மற்றொருவரது இழப்பாகும் நிலையில், அவ்வுறவு சந்தையோடு நின்றுவிடுவதில்லை. அது பாடசாலையுள் நுழைகின்றது. நட்பிலும் காதலிலும் உடன்பிறந்தாரிடையேயும் நுழைகின்றது. ஒவ்வொருவரும் மற்றவருக்கு மறைமுகப் பகைவராகின்றார். தோல்வி வெறும் பொருளிழப்பன்று, தன்மதிப்பின் இழப்பு. வெற்றியும் அமைதி தருவதில்லை; அது பிறரது பொறாமையை அஞ்சச் செய்கின்றது. வாய்ப்புக்கள் சமமாயுள்ளன என்னும் நம்பிக்கை வலுவாக இருக்கும் இடத்தில், தோற்றவர் தம்மையன்றி வேறெவரையும் குறைகூற இயலாது. பெருமந்த காலத்தில் வேலையிழந்தோர் பலர், நாடு முழுவதும் தொழிற்சாலைகள் மூடப்பட்டிருந்தபோதும், தம் நிலைக்குத் தம்மையே நொந்துகொண்டனர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பெண்களின் உளவியல் பற்றி 1920களிலும் 1930களிலும் ஹோர்னை எழுதிய கட்டுரைகளும் இவ்வகையிலேயே அணுகப்பட வேண்டியவை. பெண்ணிடம் காணப்படும் குறையுணர்வை உடலமைப்பின் விளைவாக விளக்கிய புரொயிட்டின் கருத்தை அவர் ஏற்கவில்லை. பொருளாதாரமும் பொதுவாழ்வும் ஆணின் கையில் உள்ள சமூகத்தில், பெண்ணின் பாதுகாப்பும் மதிப்பும் ஆணின் அன்பிலேயே தங்கியுள்ளன. அத்தகைய நிலையில் அன்பை இழத்தல் பற்றிய அச்சம் பெண்ணின் வாழ்வில் மேலோங்குவது வியப்பன்று. இயற்கையின் மீது சுமத்தப்பட்ட பழியை அவர் சமூகத்தின் மீது திருப்பினார்.

இக்கருத்துக்களை அவரது துறைசார் அமைப்பு எளிதில் ஏற்கவில்லை. 1941இல் நியூயோர்க் உளப்பகுப்பாய்வுச் சங்கம் பயிற்சியாசிரியர் தகுதியை அவரிடமிருந்து நீக்கியது. அவர் ஆதரவாளர் சிலருடன் வெளியேறிப் புதிய சங்கமொன்றையும் பயிற்சி நிறுவனமொன்றையும் அமைத்தார்.

எல்லைகள்

ஹோர்னையின் பங்களிப்பைப் போற்றும் அதே வேளையில், அவரது எல்லைகளையும் நாம் காணவேண்டும். முதலாவதாக, அவர் கண்ட நோயாளர் பெரும்பாலும் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினர். அவர்களை அவதானித்துப் பெற்ற முடிவுகளை ஒரு காலத்துக்கே பொதுவானவையாகக் கூறுவது அளவுக்கு மீறியதாகும்.

இரண்டாவதாக, போட்டியைப் பதகளிப்பின் சமூக வேராகக் கண்ட அவர், போட்டியின் வேரைத் தேடவில்லை. உடைமை உறவுகள், வர்க்கம், அதிகாரம் ஆகியன அவரது நூல்களிற் பின்னணியிலேயே உள்ளன. 'பண்பாடு' என்னும் பொதுச்சொல்லினுள் அவை கரைந்துவிடுகின்றன. 1946இல் ஆற்றிய உரையொன்றில் தியடோர் அடோர்ணோ அவரைக் கடுமையாக விமர்சித்தார். சமூகம் என்பது தனிமனிதனைப் புறத்தேயிருந்து பாதிக்கும் சூழல் மாத்திரமன்று. போட்டியின் பின்னால் வன்முறையின் அச்சுறுத்தல் உள்ளது. அதனைக் காணாது ஆளுமையின் ஒருமைப்பாடு பற்றிப் பேசுவது முரண்பாட்டை மழுக்குவதாகும் என்பது அவர் கருத்து. 1955இல் ஹேர்பேர்ட் மார்க்கூசவும் இத்திசையிலேயே புரொம் முதலானோரை விமர்சித்தார். இவ்விமர்சனத்தில் உண்மையுண்டு. நோயின் காரணம் சமூகத்தில் உள்ளது எனக் கூறிவிட்டு, பரிகாரத்தைச் சிகிச்சை அறையினுள் மாத்திரம் தேடுவது முழுமையான விடையாகாது.

மூன்றாவதாக, பதகளிப்புக்கு ஆளாகும் தன்மையிற் பரம்பரைக்கும் பங்குண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, உளநரம்பு நோய் என்னும் பெரும்பிரிவையே கைவிட்டுப் பதகளிப்பைப் பல தனிக்கோளாறுகளாகப் பிரித்தது. அவற்றுட் சிலவற்றுக்கு மருந்தும் குறுகியகால உளச்சிகிச்சையும் நற்பயன் அளிக்கின்றன. இவற்றை ஹோர்னையின் கருத்துக்களைக் கொண்டு மாத்திரம் விளக்க இயலாது. எனினும், வகைப்பாடு நுட்பமாகுந்தோறும், இத்துயரம் எத்தகைய வாழ்க்கையிலிருந்து எழுகின்றது என்னும் வினா பின்தள்ளப்படும் ஆபத்தும் உண்டு. அவ்வினாவை உயிருடன் வைத்திருப்பதிலேயே ஹோர்னையின் இன்றைய பெறுமதி தங்கியுள்ளது.

முடிவாக

ஹோர்னை ஆராய்ந்தது முப்பதுகளினதும் நாற்பதுகளினதும் அமெரிக்க சமூகத்தை. அவரது முடிவுகளை அவ்வாறே பெயர்த்து எமது சமூகத்தின்மீது பொருத்துதல் தகாது. சிறப்பாக, 1983 முதல் 2009 வரை நீடித்த போரையும் இடப்பெயர்வையும் கண்ட மக்களின் அச்சத்தைப் பிள்ளைப்பருவப் பகைமையின் வெளிப்பாடாக விளக்க முற்படுவது அறிவுக்கும் நீதிக்கும் முரணானது. அவ்வச்சத்துக்கு உரிய பெயர் அச்சமே. நாம் அவரிடமிருந்து பெறவேண்டியது முடிவுகளையன்று, முறையையே. ஒரு சமூகம் தன் மக்களிடம் ஒரே வேளையிற் கோரும் முரணான கோரிக்கைகள் எவை, நிறைவேற்ற இயலாத அக்கோரிக்கைகளுக்கு எவர் தம்மையே நொந்துகொள்ள விடப்படுகின்றார் என வினவுவதே அம்முறை.

இவ்வினாவை எழுப்பும்போது பதகளிப்புப் பற்றிய எமது பழைய தீர்ப்பு நிலைபெறாது. பதகளிப்பவரிடம் மனவுறுதியைக் கோருவது, ஏற்கெனவே அவரை வருத்தும் கட்டளைகளோடு மேலும் ஒன்றைச் சேர்ப்பதேயாகும். அவ்வாறே, சமூகம் மாறும்வரை தனிமனிதன் காத்திருக்க வேண்டும் என்பதும் இரக்கமற்ற கூற்று. துன்புறுபவருக்குச் சிகிச்சையும் துணையும் இன்றே தேவை. அதே வேளையில், அவரைப் போன்றோரை மேன்மேலும் உருவாக்கும் நிலைமைகளை இனங்கண்டு மாற்றுவதும் தேவை. இவ்விரு பணிகளுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடாதிருப்பதே இத்துறையில் உழைப்போரிடமும், சமூக மாற்றத்தை வேண்டி நிற்போரிடமும் எதிர்பார்க்கப்படுவதாகும்.